சிற்றுண்டி இல்லாத ஐந்து கூட்டங்கள்

மன்னார்க் கல்லூரி நூலகர் சங்கம் பசியில் பிறந்தது. எங்கள் தலைவர் றெனால்ட் சேர் மேடையில் அதை அறிவுப் பசி என்று சொல்லுவார். அன்றைக்கு அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் நான். அது சுத்தமான வயிற்றுப் பசி.

பதினான்கு வருடங்களுக்கு முன் வெளிமாவட்டம் ஒன்றில் நூலகர்களுக்குக் கருத்தரங்கு வைத்தார்கள். மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல்களை ஒவ்வொரு மாவட்டச் சங்கத்தின் பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எங்களுக்குச் சங்கம் இல்லை, ஆகவே பார்சலும் இல்லை. மன்னாரிலிருந்து போன நான்கு பேரும் ஆளுக்கொரு வாழைப்பழத்தோடு பஸ் ஏறினோம். மடு றோட் வருவதற்குள் றெனால்ட் சேர் தலைவராகிவிட்டார். முருங்கன் தாண்டுவதற்குள் பெற்றிசியாவாகிய நான் செயலாளர். பின் சீற்றில் நித்திரையாகிப்போன பஸ்ரியன் சேரை எழுப்பாமலேயே பொருளாளராக்கினோம்.

அதற்குப் பிறகு வருடாவருடம் நான்கு கூட்டம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கல்லூரியில். ஒருவரிடம் இரண்டு பிரதியாகக் கிடக்கும் புத்தகம் இன்னொருவரின் நூலக இராக்கைக்குப் போகும். கிழிந்ததை எப்படிக் கட்டுவது, கறையானை எப்படித் துரத்துவது, புத்தகம் வாங்க வேண்டிய காசில் பூச்சட்டி வாங்கும் அதிபரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று ஒருவரிடமிருந்து ஒருவர் படித்தோம். இதையெல்லாம் கூட்டறிக்கைப் புத்தகத்தில் எழுதிவைப்பது என் வேலை. அந்தப் புத்தகத்துக்குள் என்ன எழுதியிருந்தேன் என்பதை இப்போதே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

எட்டு வருடங்களுக்கு முன் எங்களோடு வந்து சேர்ந்தவர் அஸீபா. முசலிக் கரையோரத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் தற்காலிக நூலக உதவியாளர். அவர் பொறுப்பேற்ற நாளில் அங்கே நூலகம் என்று இருந்தது ஒரு அலுமாரி. திறப்பு இல்லை. பூட்டை உடைத்துப் பார்த்தால் நாற்பத்தொரு புத்தகமும் ஒரு குளவிக் கூடும். இன்றைக்கு அந்த அறையில் மூவாயிரத்துக்கு மேல் புத்தகங்கள். இடைவேளை மணி அடித்தால் கதிரைக்குச் சண்டை நடக்கும். சண்டை பிடிக்கிற பிள்ளைகளைப் பார்த்து அஸீபா சிரித்துக்கொண்டு நிற்பார். அவரை மாதிரி ஒரு நூலகர் எங்கள் கரையில் இல்லை என்று நான் சொல்லுவேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. தற்காலிக உதவியாளர்களை நிரந்தர நூலகராக்கலாம். ஆனால் மாவட்டச் சங்கத்தில் ஐந்து வருடம் முழுதாக இயங்கியிருக்க வேண்டும். அந்த ஐந்து வருடத்தில் நடந்த இருபது கூட்டங்களில் பதினாறுக்காவது வந்திருக்க வேண்டும். அத்தாட்சி, மூலக் கூட்டறிக்கைப் புத்தகம். இல்லாவிட்டால் வேறு மாவட்டத்தில் ஏதாவது ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. நூலக அறையில் உடைந்த மேசைகளைப் போடலாம் என்று அஸீபாவின் அதிபர் ஏற்கெனவே நாடா பிடித்து அளந்துவிட்டார்.

நேர்முகம் ஆவணி பதின்மூன்று, பகல் இரண்டு மணி, மன்னார் ரவுணில். அன்று காலை எட்டரைக்கு அஸீபா எனக்குக் கைபேசியில் கோல் எடுத்தார்.

"மிஸ், கூட்டறிக்கைப் புத்தகம் எடுத்து வச்சிட்டீங்கள்தானே?"

"அது றெனால்ட் சேரிட்டயல்லோ இருக்குது."

றெனால்ட் சேருக்கு எடுத்தேன். "நான் அதைப் பஸ்ரியனிட்டக் கட்டக் குடுத்தனான், மிஸ். முதுகு பிஞ்சு கிடந்தது" என்றார், இது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்பதுபோல.

பஸ்ரியன் சேரோ மடு மாதா கோவிலில். ஆவணித் திருநாளுக்கு வருடாவருடம் குடும்பத்தோடு போய்க் கூடாரம் அடித்துப் பத்து நாள் இருப்பார். அங்கே போனதும் கைபேசியை நிறுத்திப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். மாதாவிடம் வந்தால் மாதாவோடு மட்டும்தான் கதைப்பாராம். அந்தச் சனத்துக்குள் அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் அஸீபாவுக்கு ஓய்வூதிய வயது வந்துவிடும். ஆகவே நானாட்டானில் அவருடைய கல்லூரி நூலகத்துக்கே போய்ப் புத்தகத்தை எடுத்துவிடுவது என்று முடிவானது. நான் றெனால்ட் சேரின் காரில் போனேன். அஸீபா தன் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து கல்லூரி வாசலில் எங்களுக்கு முன்பே நின்றார். பச்சை நிற அபாயா, கையில் சான்றிதழ் கோப்பு, முகத்தில் இரத்தமே இல்லை.

காவலாளி செல்லையா அண்ணை நூலகத்தைத் திறந்துவிட்டார். மேசையில் சேர்வுப் பதிவேடு இருந்தது. நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் எண் போட்டு எழுதும் பதிவேடு அது. கடைசிப் பக்கத்துக்கு முதல் பக்கத்தில், பஸ்ரியன் சேரின் உருண்டை எழுத்தில் இப்படி இருந்தது: 6112. கூட்டறிக்கை. ஆசிரியர்: பெற்றிசியா.

ஒரு கணம் எனக்குப் புல்லரித்தது. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் புத்தகங்களைத் தூசு தட்டியவள், நானும் ஆசிரியை ஆகிவிட்டேன்.

"நூலகத்தில சேர்த்துப்போட்டான்" என்று றெனால்ட் சேர் தலையில் கை வைத்தார்.

பஸ்ரியன் சேரின் வியாதி அது. இரண்டு மட்டை உள்ள எதுவும் அவருடைய நூலகத்தில் ஒரு இரவு தங்கினால் அதற்கு எண் விழும். ஒரு ஆசிரியர் தன் மகளின் கலியாண அல்பத்தை அங்கே மறந்துபோய் வைத்துவிட்டு அடுத்த நாள் வந்தால், முதுகில் 392 என்று ஒட்டி, திருமணச் சடங்குகள் இராக்கையில் நிற்கிறது. கூட்டறிக்கையையும் கட்டி, எண் ஒட்டி, இந்த ஆறாயிரம் புத்தகங்களுக்குள் எங்கேயோ நிறுத்தியிருக்கிறார். 6112 என்பது வந்து சேர்ந்த வரிசைதான்; இராக்கையில் இடம் காட்டுகிற பொருள் எண் கணினியில் இருக்கிறது. கணினிக்குக் கடவுச்சொல் இருக்கிறது. கடவுச்சொல் மடுவில் இருக்கிறது.

போதாததற்கு, அவர் கட்டுகிற புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கருநீலத் துணி. முதுகில் தலைப்பு இராது, எண் மட்டும்தான்.

"ஒரு பக்கத்தால துடங்கி வரிசையாப் பாத்துக்கொண்டு வாங்கோவன்" என்றார் செல்லையா அண்ணை.

நாங்கள் மூவரும் அவரை முறைத்தோம். நூலகர் மூன்று பேர் நூலகம் ஒன்றில் வரிசையாகத் தேடுவதா? எண்ணை யோசித்து நேரே போய்க் கை வைப்பதுதான் எங்கள் தொழில். அந்தத் திமிர் எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலத்தைத் தின்றது.

"இருபது" என்றார் றெனால்ட் சேர். "நூலகவியல். நூலகர் சங்கத்தின்ர புத்தகம் வேற எங்க நிக்கும்?"

020 இல் இல்லை.

"அறுபது" என்றேன் நான். "சங்கம், கழகம், அமைப்பு எல்லாம் அங்கதான்."

"நூலகர் சங்கத்தை றோட்டறிக் கழகத்தோட வைப்பானோ, மிஸ்?"

"வைக்கிறவர் பஸ்ரியன் சேர். நீங்கள் இல்லை."

060 இலும் இல்லை. அடுத்துக் கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் புத்தகத்தை விட்டுவிட்டு எண்ணுக்காகச் சண்டை பிடித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அஸீபா சத்தமில்லாமல் 954 இல் இலங்கை வரலாற்றைத் துழாவிவிட்டு வந்தார். அங்கேயும் இல்லை. மணி பன்னிரண்டு இருபது. ஒரு மணிக்காவது புறப்பட வேண்டும்.

அஸீபா கதிரையில் இருந்தார். சான்றிதழ் கோப்பைத் திறந்து திறந்து மூடினார். ஆனால் அவர்தான் எங்களில் முதலில் நூலகராக யோசித்தார்.

"பஸ்ரியன் சேர் மட்டையைப் பாத்து எண் போடுற ஆள் இல்லை" என்றார் மெதுவாக. "முழுக்க வாசிச்சு, உள்ளுக்க இருக்கிறதுக்குத்தான் எண் போடுவார். உள்ளுக்க என்ன இருக்குது, மிஸ்?"

இந்தக் கேள்வியைப் பதினான்கு வருடமாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வேலை, போன கூட்டறிக்கையை வாசித்து ஏற்றுக்கொள்வது. ஒவ்வொரு முறையும் றெனால்ட் சேர் "வாசிச்சதா எடுப்பம்" என்பார். எல்லோரும் கையைத் தூக்குவார்கள். ஒரு வரிகூட ஒருவரும் வாசித்ததில்லை.

"சாப்பாடு" என்றேன்.

"என்ன சாப்பாடு?"

"கூட்டத்தில சாப்பிட்ட சாப்பாடு. ஆர் கொண்டுவந்தது, என்னண்டு செய்தது, ஆர் எத்தினை சாப்பிட்டது. முதல் கூட்டத்தில சேர் ஒண்டேகால் மணித்தியாலம் கதைச்சவர். நான் என்னத்தை எழுதிறது? கை சும்மா இருக்கேலாமப் பஸ்ரியன் சேரின்ர மனுசி தந்துவிட்ட பாரைமீன் கட்லட்டை எழுதினன். பிறகு அப்பிடியே பழகிப்போச்சுது."

றெனால்ட் சேர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ர உரைகள்?"

"‘தலைவர் உரையாற்றினார்’ எண்டு இருக்குது, சேர்."

"அவ்வளவுதானோ?"

"ஒவ்வொரு கூட்டத்திலயும் இருக்குது, சேர்."

அதற்கிடையில் அஸீபா எழும்பி ஓடிவிட்டார். மூன்றாவது வரிசையின் முடிவில் நின்று கூப்பிட்டார். "641.5. சமையல். இஞ்ச நிக்குது."

கேக் ஐசிங் புத்தகத்துக்கும் ஊறுகாய்ப் புத்தகத்துக்கும் நடுவில் எங்கள் சங்கத்தின் வரலாறு நின்றது. பின்மட்டையில் திகதித் தாள் ஒட்டப்பட்டிருந்தது. கட்டி வைத்த மூன்று மாதத்துக்குள் இருபத்துமூன்று பேர் இரவல் எடுத்திருக்கிறார்கள். அந்த நூலகத்திலேயே அதிகம் ஓடிய புத்தகம் அதுவாகத்தான் இருக்கும். ஓரங்களில் பென்சிலால் கருத்துகள் வேறு. ‘மிளகு கூட்டவும்.’ ‘இந்த அளவுக்கு எட்டு ரோல்ஸ்தான் வந்தது.’ ஒருவர், ‘தலைவர் ஏன் எப்போதும் உரையாற்றுகிறார்?’ என்று கேட்டிருந்தார். அந்தப் பக்கத்தை றெனால்ட் சேர் பார்க்காதபடி அவசரமாகத் திருப்பினேன்.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதானே. இல்லை. வாசலில் றெனால்ட் சேர் குறுக்கே நின்றார். நூலகத்துப் புத்தகத்தைப் பதியாமல் வெளியே கொண்டுபோக அவர் விடமாட்டார். அஸீபாவும் விடமாட்டார் என்பதுதான் வேடிக்கை. இரவல் பதிவேட்டைத் தேடி, அஸீபாவின் பெயரை எழுதி, திகதி முத்திரையைத் தேடி, மை காய்ந்துபோய், செல்லையா அண்ணை தேத்தண்ணீர் விட்டு மையை நனைத்து, இருபத்துநான்காவது முத்திரையைக் குத்தியபோது மணி ஒன்று பத்து. எனக்கு வந்த கோபத்தில் மூன்று பேரையும் கட்டி இராக்கையில் நிறுத்தியிருப்பேன்.

றெனால்ட் சேர் காரை நாற்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. அன்றைக்கு ஐம்பத்தைந்துக்குப் போனார், அதற்காக இரண்டு தடவை எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். பாலத்தில் காற்று காரைத் தள்ளியது. ரவுணுக்குள் நான்கு கழுதைகள் நடுறோட்டில் நின்று யோசித்தன. நான் இறங்கி அதட்டினேன். நூலகத்தில் பிள்ளைகளை அதட்டுகிற குரலைக் கேட்டதும் நான்கும் ஓரமாய்ப் போயின. ஒன்று ஐம்பத்தாறுக்குக் கந்தோர் வாசல்.

நேர்முகக் குழுவில் ஒரு அம்மா தலைவி, இரண்டு பக்கத்திலும் இரண்டு ஐயாமார். சங்கத்தின் தலைவரும் செயலாளரும் அத்தாட்சிக்காக உள்ளே வரலாம் என்றார்கள். தலைவி அம்மா புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கம் வாசித்தார். முதுகில் இருந்த எண்ணைத் திருப்பிப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார்.

"இது சங்கத்தின்ர கூட்டறிக்கையோ?"

"ஓம், மேடம்" என்றேன்.

"இதில வரவுப் பதிவு எங்க?"

"ஆர் கொண்டுவந்தது, ஆர் சாப்பிட்டது எண்டு எல்லாற்ற பேரும் இருக்குது, மேடம்."

வலப்பக்கத்து ஐயா இறால் வடைப் பக்கத்தைத் தன் கைபேசியில் படம் எடுத்தார். ஒருவரும் காணவில்லை என்று நினைத்திருப்பார். தலைவி அம்மா பென்சிலை எடுத்துக் கடைசி ஐந்து வருடத்தையும் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். அஸீபா, கடலைச் சுண்டல். ஒன்று. அஸீபா, பற்றிஸ் மூன்று சாப்பிட்டார். இரண்டு. அஸீபா சிரித்துக்கொண்டிருந்தார், நானும் என் பயம் போய் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது பென்சில் நின்றது.

"பதினைஞ்சு" என்றார் தலைவி அம்மா. "மிச்சம் அஞ்சு கூட்டத்தில இவரின்ர பேர் இல்லை. ஒருத்தற்ற பேரும் இல்லை. ‘தலைவர் உரையாற்றினார். இன்று சிற்றுண்டி இல்லை. கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது.’ அஞ்சிலயும் இதே வரி. இந்தக் கூட்டங்களுக்கு இவர் வந்தவர் எண்டு நான் என்னண்டு எடுக்கிறது?"

ஒன்று குறைந்தது. மூவாயிரம் புத்தகமும் அந்த அறையும் ஒரே ஒரு கூட்டத்தில் தொங்கின. அஸீபா என்னைத் திரும்பிப் பார்த்தார். றெனால்ட் சேர் நிலத்தைப் பார்த்தார். எனக்கு விடை தெரியும். அவருக்கும் தெரியும். மடுவில் கூடாரத்துக்குள் இருக்கிற பஸ்ரியன் சேருக்கும் தெரியும். அஸீபாவுக்கு மட்டும் ஒருநாளும் சொல்வதில்லை என்று நாங்கள் மூன்று பேரும் பேசிவைத்த விஷயம் அது.

"சொல்லுங்கோ, மிஸ்" என்றார் றெனால்ட் சேர். அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அந்த அஞ்சும் நோன்பு மாசத்தில வந்த கூட்டங்கள், மேடம்" என்றேன். "அஸீபா விடியப் பஸ் ஏறி, தண்ணிகூடக் குடியாம வந்து இருப்பா. அவவை முன்னால வச்சுக்கொண்டு நாங்கள் சாப்பிடுறது எப்பிடி? சாப்பிடாதேங்கோ எண்டு ஆரும் சொல்லேல்லை. முதல் வருஷம் பஸ்ரியன் சேர் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியை மேசைக்குக் கீழ தள்ளிவிட்டவர். அதிலயிருந்து அப்பிடித்தான். பேர் எழுத ஒண்டும் இல்லை, ஏனெண்டா ஆரும் ஒண்டும் சாப்பிடேல்லை."

நான் கடைசியாக என் மானத்தையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

"அவ வராம இருந்திருந்தா நாங்கள் சாப்பிடாம எழும்பிப் போற ஆக்கள் இல்லை, மேடம். மிச்சப் பக்கங்களைப் பாருங்கோ."

"பேக்கரி அடுப்பு வெடிச்சதாலதான் சாப்பாடு வரேல்லை எண்டீங்கள்" என்றார் அஸீபா. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"வெடிக்கேல்லை."

"ரெண்டு தரம் வெடிச்சது எண்டீங்கள். அடுத்த வருஷம் றெனால்ட் சேருக்குப் பல்லுக் கொதி எண்டீங்கள்."

"எனக்கு முழுக்கக் கட்டுப்பல்லு, பிள்ளை" என்றார் றெனால்ட் சேர்.

தலைவி அம்மா பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தார். திருப்பித் திருப்பி ஓரிடத்தில் விரலை வைத்தார். "இந்த அஞ்சுக்கும் அடுத்தடுத்த கூட்டத்தில எல்லாம் ஒரே சாமான் இருக்குது. ‘அஸீபா, வட்டிலப்பம், பெரிய சட்டி.’ வருஷத்தில ஒருக்காத்தான் வருது. அது ஏன்?"

நான் அஸீபாவைப் பார்த்தேன். ஐந்து வருடமும், பெருநாள் இனிப்பான அந்த வட்டிலப்பத்தை எழுதியவள் நான். ஏலக்காய் எத்தனை, பனங்கட்டி எவ்வளவு என்று கேட்டு எழுதியவள். ஏன் என்று மட்டும் கேட்டதில்லை.

"பாவம் எண்டு நினைச்சு, மேடம்" என்றார் அஸீபா. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "போன முறை இவங்க எல்லாரும் ஒண்டும் கிடையாம வெறும் வயித்தோட வீட்ட போனாங்களே எண்டு. எனக்கெண்டா நோன்பு. இவங்களுக்கு என்ன? அதுதான் அடுத்த கூட்டத்துக்குச் சட்டி நிறையக் கொண்டுவந்தனான்."

இடப்பக்கத்து ஐயா யன்னலைப் பார்த்தார். தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"வராத ஆளுக்கு அண்டைக்கு ஒருத்தரும் சாப்பிடேல்லை எண்டு தெரிஞ்சிருக்காது" என்றார். பதினைந்தை வெட்டிவிட்டு இருபது என்று எழுதினார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து அஸீபாவின் பெயரைக் கேட்டார், முகவரியைக் கேட்டார், கல்லூரியைக் கேட்டார். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்து, நிமிராமலே கேட்டார்.

"பதவி?"

எட்டு வருடமாக எல்லாப் படிவத்திலும் உதவியாளர் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் பாதி திறந்தது, நின்றது. அஸீபா முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"நூலகர்" என்றார்.

தலைவி அம்மா அதை எழுதினார். நான் விக்கி விக்கி அழுதேன். கந்தோர் முழுக்க எட்டிப் பார்த்தது, எனக்கு ஒரு வெட்கமும் வரவில்லை. வெளியே வந்தபோது மூன்றரை மணி. காலையிலிருந்து மூன்று பேருமே ஒன்றும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் அஸீபா கண்டுபிடித்தார். என் கையையும் றெனால்ட் சேரின் சட்டைக் கையையும் பிடித்து, எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்கு றோட்டைக் கடந்து எங்களை இழுத்துக்கொண்டு போனார். பெரிய சாப்பாடு மூன்று சொன்னார். முதல் சோற்றுக் கோப்பை எனக்கு முன்னால் வந்ததும், "சாப்பிடுங்கோ, மிஸ். நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் வாயில் வைக்கும்வரை அவர் தன்னுடையதைத் தொடவில்லை.